கவுன்சில் வீட்டு வாடகையும் திருத்த வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெப்ரவரி கடைசியில் கவுன்சிலில் இருந்து வாடகைக் கடிதம் வரும். வந்த கையோடு கேள்விகளும் வரும். லண்டனில் கவுன்சில் வீட்டில் இருக்கும் நம்மவர்களும், அப்படியான வீட்டை வாங்கிக் குடியிருப்பவர்களும் வருடா வருடம் கேட்பவற்றைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இங்கே போட்டிருக்கிறேன். பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் விதி வேறு. கிழமைக்கு 120 பவுண் வாடகை, 10,000 வீடுகள் என்று நான் எடுத்திருப்பவை கணக்கு விளங்குவதற்கான உதாரண எண்கள்.

"நாங்கள் கட்டுற வாடகைக் காசு எங்க போகுது? கவுன்சில் டாக்ஸோட சேர்த்து றோட்டுக்கும் பார்க்குக்கும் செலவழிக்கினமா?"

இல்லை. கவுன்சில் வீடுகளின் வாடகை 'ஹவுசிங் ரெவனியூ அக்கவுண்ட்' என்ற தனிக் கணக்குக்குள் போகிறது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கணக்கைச் சுற்றி வேலி போட்டிருக்கிறது. வாடகைக் காசை எடுத்து றோட்டுப் போட முடியாது. அதேபோல கவுன்சில் டாக்ஸ் காசை எடுத்து உங்கள் கூரையைத் திருத்தவும் முடியாது. இந்தக் கணக்கில் துண்டு விழும்படி வரவுசெலவுத் திட்டம் போடவும் சட்டம் விடாது.

திருத்த வேலை, ஹவுசிங் ஒஃபிசர்களின் சம்பளம், லிஃப்ட் பராமரிப்பு, பழைய கடனுக்கு வட்டி, புது யன்னல், புது பொய்லர் எல்லாம் இதற்குள் இருந்துதான் வரவேண்டும். வாடகையைப் பற்றி முடிவெடுப்பதும் திருத்த வேலையைப் பற்றி முடிவெடுப்பதும் ஒரே முடிவு. கீழே வரும் பல பதில்கள் இதிலேதான் வந்து முடியும்.

"வாடகை எவ்வளவு எண்டு யார் முடிவு செய்யிறது? கவுன்சிலா, அரசாங்கமா?"

இரண்டும். எவ்வளவு வரை கூட்டலாம் என்ற உச்சத்தை மத்திய அரசு சொல்லும். 2020 ஏப்ரலில் இருந்து கவுன்சில்கள் அதை மீறாமல் நடக்கின்றனவா என்று சமூக வீடமைப்புக் கட்டுப்பாட்டாளர் பார்க்கிறார். அந்த உச்சத்துக்குள் எவ்வளவு எடுப்பது என்பதைக் கவுன்சில் முடிவு செய்யும். ஜனவரியிலோ பெப்ரவரியிலோ கவுன்சிலின் கேபினெட் (நிர்வாகக் குழு) கூட்டத்துக்கு அறிக்கை வரும், வரவுசெலவுத் திட்டத்தோடு சேர்ந்து அது நிறைவேறும். அதன்பிறகு குறைந்தது நான்கு கிழமை முன்னறிவித்தல் தந்து, ஏப்ரலின் முதல் திங்கட்கிழமையில் இருந்து புது வாடகை தொடங்கும்.

உச்சத்துக்குக் குறைவாகக் கூட்டக் கவுன்சிலுக்கு உரிமை இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலானவை உச்சம் வரை போகின்றன. ஏன் என்பதைக் கடைசிக்கு முந்திய கேள்வியில் பாருங்கள்.

"ஏன் ஒவ்வொரு ஏப்ரலும் கூடுது? எவ்வளவு கூடும் எண்டு முதலே அறியலாமா?"

அறியலாம், அதுவும் ஒக்டோபரிலேயே. செப்டெம்பர் மாத நுகர்வோர் விலைச் சுட்டெண் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அதோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த ஏப்ரலின் உச்சம் வரும். 2023 செப்டெம்பரில் 6.7 என்றபடியால் 2024 ஏப்ரலில் 7.7. 2024 செப்டெம்பரில் 1.7, ஆகவே 2025 ஏப்ரலில் 2.7. 2025 செப்டெம்பரில் 3.8 வந்தது, 2026 ஏப்ரலுக்கு 4.8. இதே விதி 2026 ஏப்ரலில் இருந்து பத்து வருடங்களுக்கு இருக்கும் என்று அரசு 2025 ஜூனில் அறிவித்தது.

கடிதத்தில் வாடகைக்குக் கீழே 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியே ஒன்று இருக்கும். மாடிப்படி கூட்டுவது, பொது இடத்து மின்விளக்கு போன்றவற்றின் செலவு அது. அதற்கு மேலே சொன்ன உச்சம் அப்படியே பொருந்தாது, உண்மையில் ஆன செலவை ஒட்டித்தான் போடுவார்கள். வாடகை 4.8 கூடி மொத்தம் அதைவிட அதிகமாகக் கூடியிருந்தால் முதலில் அந்த 'சர்வீஸ் சார்ஜ்' தொகையைப் பாருங்கள். பல வீடுகளுக்குச் சேர்த்துச் சூடேற்றும் கட்டிடங்களில் எரிவாயு விலை ஏறின காலத்தில் சனம் பட்ட பாடு அந்தத் தொகையில்தான் இருந்தது.

"முதல் முதல் இந்தத் தொகையை எங்க இருந்து எடுத்தவை? கண்ணை மூடிக்கொண்டு போட்டதா?"

கண்ணை மூடிப் போட்டதில்லை, ஒரு சூத்திரம் இருக்கிறது. 2002இல் கொண்டுவந்தார்கள். 2000ஆம் ஆண்டில் நாட்டின் சராசரிச் சமூக வாடகை கிழமைக்கு 54.62 பவுண். அதில் 70 சதவீதத்தை உங்கள் பகுதியில் உடலுழைப்பு வேலை செய்வோரின் சராசரிச் சம்பளத்தைக் கொண்டும், 30 சதவீதத்தை உங்கள் வீடு 1999 ஜனவரியில் பெறக்கூடியதாக இருந்த விலையைக் கொண்டும் கூட்டிக் குறைக்கிறார்கள். சம்பளப் பங்கில் படுக்கையறைகளின் எண்ணிக்கையும் சேரும். இரண்டு அறைக்கு 1.00, ஒன்றுக்கு 0.90, மூன்றுக்கு 1.05.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பகுதிச் சம்பளம் நாட்டுச் சராசரியைவிட 10 சதவீதம் அதிகம், இரண்டு அறை வீடு, 1999இல் அதன் பெறுமதி 99,500 பவுண். அப்போதைய நாட்டுச் சராசரி 49,750, ஆகவே உங்களுடையது அதன் இரட்டிப்பு. சம்பளப் பங்கு 54.62இன் 70 சதவீதம், அதை 1.10ஆல் பெருக்க 42.06. விலைப் பங்கு 54.62இன் 30 சதவீதம், அதை 2ஆல் பெருக்க 32.77. மொத்தம் 74.83 பவுண். இது 2000ஆம் ஆண்டுத் தொகை. அதன்மேல் வருடா வருடம் அரசு சொன்ன சதவீதத்தை ஏற்றி ஏற்றி வந்ததுதான் இன்றைய 'ஃபோர்மியுலா வாடகை'. விலை கூடிய பகுதிகளில் கட்டுக்கடங்காமல் போகாமல் இருக்க அறைக் கணக்குப்படி ஒரு மேல்வரம்பும் உண்டு.

சந்தை விலை பறக்கும் லண்டனில் கவுன்சில் வாடகை தனியார் வாடகையில் பாதிக்கும் கீழே நிற்பதற்கு இந்தச் சூத்திரம்தான் காரணம். பெரும்பங்கு சம்பளத்தில் தங்கியிருக்கிறது, வீட்டு விலையோ 1999இலேயே நின்றுவிட்டது.

"பக்கத்து வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் ஒரே மாதிரி வீடு. அவர் 10 பவுண் குறையக் கட்டுறார். இது என்ன நியாயம்?"

அவர் உங்களுக்கு முன்னரே குடிவந்தவராக இருக்க வேண்டும். பழைய குடியிருப்பாளர்களின் வாடகையைச் சூத்திரத் தொகைக்கு மெல்ல மெல்லக் கொண்டுவரும் ஏற்பாடு ஒன்று இருந்தது. 2015இல் அது பாதி வழியில் நின்றுவிட்டது. வீடு காலியாகிப் புது ஆளுக்குக் கொடுக்கும்போது மட்டும் கவுன்சில் முழுச் சூத்திர வாடகையைப் போடலாம், அதற்குமேல் 5 சதவீதம் வரை கூட்டவும் இடமிருக்கிறது. நீங்கள் வந்தபோது அப்படி நடந்திருக்கும்.

குறையக் கட்டுபவர்கள் கிழமைக்கு 1 அல்லது 2 பவுண் மேலதிகமாகக் கட்டி மற்றவர்களை எட்டுவது பற்றி 2025இல் அரசு கருத்துக் கேட்டது. ஆகவே உங்கள் அயலவருக்கும் சொல்லிவையுங்கள்: இனி வரும் கடிதங்களில் சதவீதத்தோடு சேர்த்து வேறு ஏதாவது கூட்டியிருக்கிறார்களா என்று அவர் பார்க்க வேண்டும்.

"எங்களுக்கு 'அஃபோடபிள் ரென்ட்' எண்டு தந்தவை. பேருக்கு மலிவு, கட்டேக்க மலிவில்லையே?"

அது வேறு வகை. 2011இல் வந்தது. சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை, சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து, எடுக்கலாம். மேலே சொன்ன சூத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லண்டனில் சந்தை வாடகையின் 80 சதவீதம் என்பது சாதாரணச் சம்பளக்காரருக்கு எந்த விதத்திலும் மலிவில்லை. மானியத்தைக் குறைத்துவிட்டு அந்தக் குறையைக் குடியிருப்பவர் தலையில் கட்டிய ஏற்பாடு இது என்பது என் எண்ணம். வீடு ஒதுக்கும் கடிதம் வந்தால் 'சோஷல் ரென்ட்' (மேலே சொன்ன சூத்திர வாடகை) என்று இருக்கிறதா 'அஃபோடபிள் ரென்ட்' என்று இருக்கிறதா எனக் கையெழுத்துப் போட முன்னர் பாருங்கள்.

"புதுக் குசினி போட வருகினமாம். போட்டால் வாடகை ஏறுமோ எண்டு பயமாக்கிடக்கு. வேண்டாம் எண்டு சொல்லட்டா?"

வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சூத்திரம் 1999 விலையைத்தான் பார்க்கிறது. பெரிய வேலைகளால் வீட்டின் பெறுமதி உண்மையிலேயே மாறினாலும், இப்போது குடியிருக்கும் உங்களுக்கு ஏப்ரலில் வழக்கமாகக் கூடும் அளவுக்குமேல் கூட்ட விதி இடம்தராது. இந்தப் பயத்தில் குசினியையும் குளியலறையையும் மாற்ற மறுத்தவர்கள் நம்மவர்களில் பலர். அந்த வேலைக்கான காசை அவர்கள் வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

"பெனிபிட் எடுக்கிறவைக்கு எவ்வளவு கூட்டினாலும் அரசாங்கம் கட்டுந்தானே?"

முழு உதவி பெறுபவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் தானாக நடக்காது. யூனிவர்சல் கிரெடிட்டில் இருந்தால் ஏப்ரலில் உங்கள் இணையக் கணக்கில் புது வாடகையைக் கேட்டு ஒரு அறிவித்தல் வரும், அதை நிரப்ப வேண்டும். விட்டால் பழைய வாடகைக்கே காசு வரும், மிச்சம் நிலுவையாக ஏறும். ஹவுசிங் பெனிபிட் எடுக்கும் முதியவர்களுக்குக் கவுன்சிலே மாற்றிவிடுவது வழக்கம்.

முழுதாகக் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். ஒரு படுக்கையறை மேலதிகமாக இருந்தால் வாடகை உதவியில் 14 சதவீதம், இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 25 சதவீதம் வெட்டு. இது வேலை செய்யும் வயதினருக்கு 2013இல் இருந்து இருக்கிறது. வளர்ந்த பிள்ளை வீட்டோடு இருந்து வேலைக்குப் போனால் அதற்கும் ஒரு கழிவு. பெனிபிட்டின் மொத்த உச்சவரம்பில் ஏற்கெனவே முட்டி நிற்கும் குடும்பத்துக்கு வாடகை கூடினால் ஒரு சதமும் கூட வராது. சூடாக்கலுக்கும் தண்ணீருக்குமான கட்டணம் வாடகை உதவியில் சேராது.

எனக்கு அதிகம் கவலை தருபவர்கள் வேறு. கடையிலும் கெயார் ஹோமிலும் வேலை செய்து, பெனிபிட் வரம்புக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் குடும்பங்கள். ஏறுவது முழுவதும் அவர்கள் கையில் இருந்து போகிறது.

"சரியாத்தான் கட்டினன். வருசக் கடைசியில ஒரு கிழமை வாடகை பாக்கி எண்டு கடிதம். எப்பிடி?"

53 திங்கட்கிழமை வந்த வருடமாக இருக்கலாம். திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை வாடகை எழுதும் கவுன்சில்களில் சில நிதியாண்டுகளுக்கு 53 வாடகை வரும். 2024 ஏப்ரல் 1 திங்கள், 2025 மார்ச் 31ம் திங்கள். யூனிவர்சல் கிரெடிட்டோ எப்போதும் 52 கிழமை என்றே கணக்குப் பார்க்கும். 120 பவுண் வாடகைக்கு 52ஆல் பெருக்கி 12ஆல் பிரித்து மாதம் 520 பவுண் தருவார்கள். 53ஆவது கிழமையின் 120 பவுண் உங்கள் தலையில். அப்படியான வருடத்தில் மாதம் 10 பவுண் ஒதுக்கிவைத்தால் சமாளிக்கலாம். நிலுவைக் கடிதம் ஏற்கெனவே வந்துவிட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லித் தவணை கேளுங்கள்.

"ஒழுங்கா வாடகை கட்டுறம். சுவரெல்லாம் பூஞ்சணம். ஒருத்தரும் வரேல்ல. வாடகையை நிப்பாட்டினால்தானே வருவினம்?"

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நிலுவை ஏறினால் வீட்டையே இழக்கும் வழக்கு வரலாம், பூஞ்சணம் அந்த வழக்கைத் தானாகத் தடுக்காது.

2020 டிசம்பரில் ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை வீட்டுப் பூஞ்சணத்தால் இறந்துபோனது. அந்தக் குழந்தையின் பெயரில் வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27இல் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலைமை என்றால் 24 மணிநேரத்துக்குள் வந்து பார்த்து ஆபத்தை நீக்க வேண்டும். உடல்நலத்துக்குக் கேடான ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலைநாளுக்குள் சோதிக்க வேண்டும். சோதித்து முடிந்து 3 வேலைநாளுக்குள் என்ன கண்டார்கள் என்று எழுத்தில் தரவேண்டும், 5 வேலைநாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் முடியாவிட்டால் வேறு தங்குமிடம் தரவேண்டும்.

தொலைபேசியில் சொன்னாலும் அதையே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். திகதி தெரிகிறபடி படம் எடுங்கள். வீட்டில் குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் முதல் வரியிலேயே சொல்லுங்கள். நடக்காவிட்டால் முறைப்பாடு: முதற்கட்டத்துக்கு 10 வேலைநாள், இரண்டாம் கட்டத்துக்கு 20 வேலைநாள், அதற்கும் பிறகு வீட்டு முறைப்பாடுகளை விசாரிக்கும் ஹவுசிங் ஒம்புட்ஸ்மன். அவருக்குக் காசு கட்டத் தேவையில்லை. "பூஞ்சணம் நீங்கள் சமைக்கிறதாலதான்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால் அதை எழுத்தில் கேளுங்கள்.

"முன் புளொக்குக்குப் புது யன்னல் போட்டிட்டினம். எங்களுக்கு ஏன் இன்னும் இல்லை? ஆரைப் பிடிக்க வேணும்?"

ஒருவரையும் பிடிக்கத் தேவையில்லை, பட்டியலைப் பாருங்கள். 2012வரை கவுன்சில்களின் வாடகை ஒரு தேசியக் கணக்கில் கலந்து, அரசு பிரித்துக்கொடுத்தது. அந்த வருடம் அதை நிறுத்தி, ஏறக்குறைய 1,300 கோடி பவுண் கடனைக் கவுன்சில்களின் மேல் ஏற்றி, "இனி உங்கள் வாடகையை நீங்களே வைத்துச் சமாளியுங்கள்" என்று விட்டார்கள். அதில் இருந்து ஒவ்வொரு கவுன்சிலும் 30 வருடத் திட்டம் ஒன்று வைத்திருக்கிறது. எந்த வருடம் எவ்வளவு வாடகை வரும், எத்தனை கூரை மாற்ற வேண்டும், எவ்வளவு வட்டி கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும்.

எது முதலில் என்பதை வீடுகளின் நிலையை நேரில் பார்த்த சோதனையும் பாகங்களின் வயதும் தீர்மானிக்கும். வீடு இருக்கவேண்டிய தரத்தைச் சொல்லும் பழைய 'டீசன்ட் ஹோம்ஸ்' அளவுகோல்படி, குசினி 20 வருடத்தையும் குளியலறை 30 வருடத்தையும் தாண்டினால் பழசு. இது ஒழுங்காக நடக்க உங்கள் வீட்டின் தரவு சரியாக இருக்க வேண்டும். சோதிக்க ஆள் வரும்போது கதவைத் திறக்காத வீட்டுக்கு, அதேபோன்ற வேறு வீட்டைப் பார்த்து ஊகமாக எழுதிவிடுவார்கள். கடிதம் வந்தால் லீவு எடுத்தாவது வீட்டில் நில்லுங்கள்.

பட்டியல் குழம்புவதும் உண்டு. 2017 ஜூன் 14இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் தீப்பிடித்து 72 பேர் இறந்த பிறகு உயரக் கட்டிடங்களின் வெளிச்சுவரும் தீத்தடுப்புக் கதவுகளும் முன்னுக்கு வந்தன. வரத்தான் வேண்டும். அந்தச் செலவில் பெரும்பகுதி இதே வாடகைக் கணக்கில் விழுந்ததால் யன்னல்களும் குசினிகளும் பின்னுக்குப் போயின.

"இருக்கிற வீட்டைத் திருத்தாமல் எங்கட காசில புது வீடு கட்டுறது ஏன்?"

புது வீட்டுக்கு மூன்று இடத்தில் இருந்து காசு வரும். அரசு மானியம் (லண்டனில் மேயர் வழியாக), விற்ற வீடுகளின் பணம், கடன். வாடகை அந்தக் கடனை அடைக்க உதவும். 2018 ஒக்டோபர் வரை எவ்வளவு கடன் எடுக்கலாம் என்று அரசு உச்சம் வைத்திருந்தது, பிறகு நீக்கிவிட்டது.

ஆனால் வாடகை எவ்வளவு கடனைத் தாங்கும் என்று பாருங்கள். கிழமை 120 பவுண் என்றால் வருடம் 6,240. நிர்வாகத்துக்கும் திருத்தத்துக்கும் பாதி போனது என்று வைத்தால் மிச்சம் 3,120. வட்டி 5 சதவீதம் என்றால் அது 62,400 பவுண் கடனின் வட்டிக்கு மட்டும்தான் போதும், முதலுக்கு இல்லை. லண்டனில் ஒரு ஃபிளாட் கட்ட இதைப்போலப் பல மடங்கு வேண்டும். மானியம் இல்லாமல் சமூக வாடகை வீடு கட்ட முடியாது. மானியம் குறையும்போதுதான் புது வீட்டுக் கடன் பழைய வீட்டுத் திருத்தத்தைத் தின்னத் தொடங்கும். 2026இல் இருந்து பத்து வருடத்துக்கு 3,900 கோடி பவுண் மானியத் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கவுன்சில் அதில் எவ்வளவு கேட்டிருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

"ரைட் டு பை-யில எத்தனையோ வீட்டை வித்தவை. அந்தக் காசுக்கு வேற வீடு கட்டியிருக்கலாமே?"

கட்டியிருக்கலாம். குடியிருப்பவரே தன் கவுன்சில் வீட்டைத் தள்ளுபடி விலைக்கு வாங்கும் உரிமைதான் 'ரைட் டு பை'. 1980இல் இருந்து இங்கிலாந்தில் அப்படிச் சுமார் 20 இலட்சம் வீடுகள் விற்கப்பட்டன. தள்ளுபடி விலைக்கு விற்றதால் வந்த காசு இன்னொரு வீடு கட்டப் போதாது. வந்ததையும் முழுதாக வைத்திருக்கக் கவுன்சில்களை நீண்டகாலம் விடவில்லை. 2024 நவம்பரில் லண்டனின் பெரும்பாலான பகுதிகளில் அதிகபட்சத் தள்ளுபடியை 136,400 பவுணில் இருந்து 16,000க்குக் குறைத்து, விற்ற காசு முழுவதையும் கவுன்சிலே வைத்திருக்கலாம் என்றார்கள்.

வாங்கியவர்களில் நம்மவர்களும் பலர். அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, சட்டம் தந்த உரிமை. ஆனால் விற்ற ஒவ்வொரு வீட்டோடும் அதன் வாடகையும் அந்தத் தனிக் கணக்கில் இருந்து போய்விட்டது.

"நான் கவுன்சில் ஃபிளாட்டை வாங்கின ஆள். கூரைக்கு எண்டு பெரிய பில் வந்திருக்கு. வாடகைக்காரர் ஒண்டும் கட்டேல்லையே?"

அவர்கள் வாடகையாகக் கட்டிவிட்டார்கள். உங்கள் பங்கை வாடகைக் கணக்கில் இருந்து எடுத்தால் அது அவர்களின் காசில் உங்கள் கூரையைத் திருத்துவதாகிவிடும்.

ஒரு வேலைக்கு ஒரு லீஸ்ஹோல்டரிடம் (உங்களைப்போல ஃபிளாட்டை வாங்கியவரிடம்) 250 பவுணுக்கு மேல் எடுப்பதென்றால் கவுன்சில் முன்கூட்டியே சட்டப்படி அறிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும். 'செக்‌ஷன் 20' என்று தலைப்பிட்டு வரும் கடிதம் அதுதான். அதைத் திறக்காமல் மேசையில் போட்டுவைக்காதீர்கள், 30 நாளுக்குள் கேள்வி கேட்கலாம். கருத்துக் கேட்காமல் செய்திருந்தால், விலக்கு ஏதும் பெற்றிராதவரை, 250 பவுணுக்கு மேல் அறவிட முடியாது. தொகை நியாயமில்லை என்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கவுன்சிலின் பாதுகாக்கப்பட்ட வாடகைக்காரர்களுக்கு வாடகை உயர்வை எதிர்த்துத் தீர்ப்பாயம் போகும் அந்த வழி இல்லை.

"எல்லாம் சரி. ஒரு வருசம் கூட்டாமல் விட்டால் என்ன? எல்லாருக்கும் நல்லதுதானே?"

2016 ஏப்ரலில் இருந்து நான்கு வருடம் வாடகையை வருடம் ஒரு சதவீதம் குறைக்கச் சொல்லி அரசு சட்டம் போட்டது. 100 பவுண் வாடகை 96.06 ஆனது. அதற்கு முன்னர்தான் பத்து வருடத்துக்கு விலைவாசியோடு ஒன்று கூட்டிக் கூட்டலாம் என்று வாக்குக் கொடுத்து, அதை நம்பிக் கவுன்சில்கள் 30 வருடத் திட்டம் போட்டிருந்தன. ஹவுசிங் பெனிபிட் செலவில் அரசுக்கு மிச்சம் வந்தது. கூரைக்கு வைத்திருந்த காசு போனது.

அடுத்தது 2023. விதிப்படி 11.1 சதவீதம் வரவேண்டியது, அரசு 7இல் நிறுத்தியது. அந்த வருடம் சனம் இருந்த நிலையில் 11.1 தாங்கியிருக்காது, நிறுத்தியது சரி. ஆனால் 120 பவுணுக்கு 7 என்றால் 128.40, 11.1 என்றால் 133.32. வித்தியாசம் கிழமைக்கு 4.92. 10,000 வீடுள்ள கவுன்சிலுக்கு வருடம் 25 இலட்சத்து 58 ஆயிரம் பவுண். அடுத்த வருடங்களின் சதவீதம் குறைந்த தொகையின் மேல்தான் ஏறும், ஆகவே அந்த இழப்பு ஒரு வருடத்தோடு முடியாது. அதே காலத்தில் மரமும் சீமெந்தும் கூலியும் ஏறின. அந்த இடைவெளியை அரசு நிரப்பியிருக்க வேண்டும், நிரப்பவில்லை. நான் வாடகையைக் கூட்டச் சொல்லி வாதாடவில்லை. குறைப்பதாக அறிவிப்பவரிடம் அந்தக் காசு எங்கே இருந்து வரும் என்று கேட்காமல் கைதட்டக் கூடாது என்கிறேன்.

"எங்களைக் கேக்காமலே கூட்டினம். எங்க போய்க் கதைக்கிறது?"

வீட்டு நிர்வாகத்தில் பெரிய மாற்றம் என்றால் குடியிருப்பாளரிடம் கருத்துக் கேட்கச் சட்டம் சொல்கிறது, வாடகைக்கு மட்டும் அந்தக் கடமை இல்லை. பல கவுன்சில்கள் தாமாக விரும்பிக் கேட்கின்றன. கேட்காவிட்டாலும் கேபினெட் கூட்டத்தின் அறிக்கை ஐந்து முழு நாட்களுக்கு முன்னரே கவுன்சில் இணையத்தளத்தில் வரவேண்டும். ஜனவரி தொடங்கியதும் அங்கே 'ஹவுசிங் ரெவனியூ அக்கவுண்ட்' என்று தேடுங்கள். சதவீதத்தைப் பார்த்ததும் மூடிவிடாமல் கடைசிப் பக்கங்களின் அட்டவணையைப் பாருங்கள்: வட்டிக்கு எவ்வளவு, பெரிய திருத்தங்களுக்கு எவ்வளவு, போன வருடம் ஒதுக்கியதில் செலவழிக்காமல் விட்டது எவ்வளவு.

செலவழிக்காமல் விட்ட தொகைதான் கவுன்சிலரிடம் கேட்க நல்ல கேள்வி. காசு இல்லை என்று சொல்லும் அதே அறிக்கையில் சில வேளை அது இருக்கும். உங்கள் வட்டாரத்துக்கு இரண்டு மூன்று கவுன்சிலர்கள் இருப்பார்கள், அவர்கள் சனத்தைச் சந்திக்கும் நேரம் இணையத்தளத்தில் இருக்கும். ஆங்கிலம் தடை என்றால் பிள்ளையையோ தெரிந்தவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். பெப்ரவரியில் கடிதம் வந்தபிறகு போனால் பிந்திவிடும், ஜனவரியிலேயே போங்கள்.